விடை பிழைத்தால் எங்கே பார்ப்பது? நிபந்தனையுள்ள வரிசைமாற்றக் கணக்குகளுக்கு அறிகுறி வழி

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வரிசைமாற்றமும் (ஒழுங்கு பார்த்து அடுக்குவது) சேர்மானமும் (ஒழுங்கு பாராமல் தெரிவது) படிப்பிக்கும் மாதத்தில் ஒரே கொப்பியே திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருவதுபோல் இருக்கும். கையெழுத்து வேறு, ஊர் வேறு. ஒருவர் மூதூர், ஒருவர் கிண்ணியா, ஒருவர் சாம்பல்தீவு. பிழை மட்டும் அதே பிழை. “இவர்கள் சேர்ந்து நிற்க வேண்டும்”, “இவர் முதலில் வரக் கூடாது” என்று ஒரு நிபந்தனை வந்ததும் விடை பிசகிவிடுகிறது. பிள்ளை உடனே செய்கை முழுவதையும் குறுக்கே வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் முறையும் அதே வழியில் போய் அதே இடத்தில் விழுகிறது.

வெட்டாதீர்கள். பிழைத்த விடையிலேயே பிழை இருக்கும் இடம் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கும் வழியை அறிகுறி அறிகுறியாகக் கீழே தருகிறேன்.

## எந்த அறிகுறிக்கும் முதலில் செய்ய வேண்டியது

உங்கள் விடையைச் சரியான விடையால் வகுங்கள். ஈவு 2, 6, 24, 120 என்று ஏதாவதொரு காரணியமாக (1-இலிருந்து ஓர் எண்வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது; 4 × 3 × 2 × 1 = 24 என்பதை 4! என்று எழுதுவோம்) வந்தால், ஒழுங்கைத் தேவையில்லாமல் எண்ணியிருக்கிறீர்கள். 1/2, 1/6 என்று தலைகீழாக வந்தால், எண்ண வேண்டிய ஒழுங்கை விட்டிருக்கிறீர்கள். ஈவு அழகில்லாத பின்னமாக வந்தால் வகுப்பதை விட்டுக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் நீங்கள் சேர்த்துவிட்ட அல்லது தவறவிட்ட ஒரு கூட்டத்தின் அளவாகவே இருக்கும்.

பரீட்சை மண்டபத்தில் சரியான விடை கையில் இருக்காது. அங்கே இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, நிபந்தனையே இல்லாவிட்டால் மொத்தம் எத்தனை என்று ஓரத்தில் எழுதிவைப்பது. மற்றது, ஆட்களின் எண்ணிக்கையை மூன்று நான்காகக் குறைத்து, கையால் பட்டியலிட்டு, அதே வழி அந்தச் சிறிய கணக்குக்குச் சரிவருகிறதா என்று பார்ப்பது. இரண்டாவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்று மணித்தியாலத்தில் 10 சிறு வினாக்களும் 5 பெரு வினாக்களும் எழுத வேண்டிய தாளில் இரண்டு நிமிடம் பெரிது என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிழையான வழியில் ஒரு பக்கம் எழுதுவதற்கு அதைவிடக் கூட நேரம் போகிறது.

கீழே பல இடங்களில் ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன். பிரெட்ரிக் கோட்டைக்குள், புள்ளிமான்கள் உலவும் மர நிழலில், 4 மாணவிகளும் 3 மாணவர்களும் ஒரு வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். நிபந்தனை இல்லாவிட்டால் 7! = 5040 வழிகள்.

## அறிகுறி: விடை மொத்தத்தையே தாண்டிவிட்டது

எந்த நிபந்தனையும் வழிகளைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். ஆகவே 5040-ஐத் தாண்டிய எந்த விடையும் பிழை. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

பெரும்பாலும் நடப்பது இது. “எந்த இரு மாணவர்களும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது” என்கிறது வினா. பிள்ளை 4 மாணவிகளை 4! = 24 வழிகளில் நிறுத்துகிறது. அவர்களுக்கு இடையிலும் இரு முனைகளிலுமாக 5 இடைவெளிகள். அவற்றில் மூன்று மாணவர்களையும் 5 × 4 × 3 = 60 வழிகளில் நிறுத்துகிறது. இதுவரை நன்று. விடை 24 × 60 = 1440. ஆனால் “மாணவர்களும் தங்களுக்குள் மாறுவார்களே” என்று ஒரு நினைவு வந்து, இன்னொரு 3! பெருக்கப்படுகிறது. விடை 8640 ஆகிவிடுகிறது.

5 × 4 × 3 என்று எழுதியபோதே முதலாவது மாணவர், இரண்டாவது மாணவர், மூன்றாவது மாணவர் என்று ஆட்களைப் பிரித்து எண்ணிவிட்டீர்கள். இடைவெளிகளை மட்டும் தெரிந்தால் 10 வழி, பிறகு 3!, அதுவும் 60 தான். இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அது எதைத் தீர்மானிக்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள். “மாணவிகள்”, “இடைவெளி”, “ஆள்”. ஒரே சொல் இரண்டு தரம் வந்தால் அங்கேதான் பிழை.

அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால், கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்கினீர்களா என்று பாருங்கள். “இப்படி அல்லது அப்படி” என்றால் கூட்டல். “இதைச் செய்த பின் அதை” என்றால் பெருக்கல்.

## அறிகுறி: விடை 2 மடங்கு, 6 மடங்கு, 24 மடங்கு

ஒரேமாதிரிப் பொருள்கள் இருக்கின்றனவா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பார்ப்பதும் எளிது. “தம்பலகாமம்” என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று வகுப்பில் கேட்பேன். த, ம், ப, ல, கா, ம, ம் என்று ஏழு எழுத்துகள். பலர் 5040 என்பார்கள். ம் இரண்டு தரம் வருகிறது, ஆகவே 7! ÷ 2! = 2520. சிலர் ம-வையும் சேர்த்து மூன்று என்று கருதி 3!-ஆல் வகுத்து 840 என்பார்கள். ம் வேறு, ம வேறு. ஆங்கில எழுத்துகளில் பழகிய கணக்கைத் தமிழ்ச் சொல்லுக்குக் கொண்டுவரும்போது எழுத்து எது என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

தெரிவா, ஒழுங்கா? 10 பேரில் 3 பேர் கொண்ட குழு என்றால் 120. 720 என்று எழுதியவர் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி கொடுத்துவிட்டார். வினாவில் பதவி இருந்தால் 720 சரி. வினாவை மறுபடி வாசியுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

குழுக்களுக்குப் பெயர் உண்டா? மூன்றிலும் இதுதான் ஆழமான பிழை. கடற்கரையைத் துப்புரவு செய்ய 6 பேரை இருவர் இருவராகப் பிரிக்க வேண்டும். ஒரு சோடி நிலாவெளிக்கு, ஒரு சோடி உப்புவெளிக்கு, ஒரு சோடி குச்சவெளிக்கு என்றால் 15 × 6 × 1 = 90. எங்கே போவது என்று இன்னும் சொல்லவில்லை, சோடிகளாகப் பிரிக்க மட்டும் வேண்டும் என்றால் 90 ÷ 3! = 15. ஊர்ப் பெயர் இருக்கும்போது வகுத்தாலும் பிழை, இல்லாதபோது வகுக்காவிட்டாலும் பிழை. சம அளவான குழுக்களுக்கு மட்டுமே இந்த வகுத்தல். 7 பேரை 3, 2, 2 என்று பிரித்தால் 210-ஐ 3!-ஆல் வகுக்கக் கூடாது. சமமான குழுக்கள் இரண்டே, ஆகவே 2!-ஆல் வகுத்து 105.

## அறிகுறி: விடை ஆறில் ஒரு பங்கு

“மூன்று மாணவர்களும் சேர்ந்தே நிற்க வேண்டும்.” மூவரையும் ஒரு கட்டாகக் கட்டி, 4 மாணவிகளோடு சேர்த்து 5! = 120 என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். கட்டுக்குள் மூவரும் இடம் மாறுவார்கள். 120 × 3! = 720. கட்டிய கட்டை அவிழ்க்காமல் விடையை எழுதாதீர்கள்.

## அறிகுறி: “குறைந்தது” என்ற சொல் வந்தாலே விடை பெருத்துவிடுகிறது

கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகளும் விழும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

6 மாணவிகளும் 5 மாணவர்களும் இருக்கிறார்கள். 4 பேர் கொண்ட குழுவில் குறைந்தது 2 மாணவிகள் இருக்க வேண்டும். பிள்ளை இப்படி யோசிக்கிறது: முதலில் 2 மாணவிகளைத் தெரிந்து வைத்துவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிட்டது, மிகுதி 9 பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். 15 × 36 = 540.

கேட்கும்போது குற்றம் சொல்ல முடியாத வாதம். ஆனால் 11 பேரில் 4 பேரைத் தெரிய மொத்தமே 330 வழிகள்தான். முதல் அறிகுறியைப் பார்க்கப் பழகியிருந்தால் இங்கேயே பேனை நின்றிருக்கும். ஈவு எடுத்தாலும் ஒரு காரணியம் கிடைக்காது, ஏனெனில் எல்லாக் குழுக்களும் ஒரே மடங்கு கூடி எண்ணப்படவில்லை.

எத்தனை தரம் எண்ணப்பட்டன என்று பாருங்கள். சரியாக 2 மாணவிகள் உள்ள குழுக்கள் 15 × 10 = 150. அவை ஒரு தரமே எண்ணப்பட்டன. 3 மாணவிகள் உள்ள குழுக்கள் 20 × 5 = 100. அந்த மூவரில் எந்த இருவரை “முதலில் தெரிந்தவர்கள்” என்று வைத்தாலும் அதே குழுதான் வரும். ஆகவே ஒவ்வொன்றும் 3 தரம் எண்ணப்பட்டது. நால்வரும் மாணவிகளாக உள்ள குழுக்கள் 15, அவை ஒவ்வொன்றும் 6 தரம். கூட்டிப் பாருங்கள்: 150 + 300 + 90 = 540. பிழையான விடை ஒரு எண் குறையாமல் கணக்குக் காட்டிவிடுகிறது. இந்தக் கூட்டலைக் கரும்பலகையில் எழுதும் நாளில் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கு மிகப் பிடித்த கணம் அது.

சரியான விடை 150 + 100 + 15 = 265. சரிபார்க்க மறுபக்கமாகவும் வாருங்கள். மாணவி ஒருவரும் இல்லாத குழுக்கள் 5, ஒரே ஒரு மாணவி உள்ளவை 6 × 10 = 60. 330 − 65 = 265.

எந்த வழியை எடுப்பது? “குறைந்தது ஒன்று” என்றால் மொத்தத்தில் கழிப்பது மலிவு. இடையில் உள்ள எண் என்றால் வகை பிரித்துக் கூட்டுங்கள். “முதலில் வைத்துவிட்டு மிகுதியை நிரப்புவது” என்ற வழியைக் “குறைந்தது” என்ற சொல்லோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

## அறிகுறி: “சேர்ந்து நிற்கக் கூடாது” கணக்கு இருவருக்குச் சரி, மூவருக்குப் பிழை

இங்கே பிழை கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட இருவர் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்றால், மொத்தத்தில் சேர்ந்து நிற்பதைக் கழிக்கலாம்: 5040 − 2 × 720 = 3600. இடைவெளி வழியில் போனாலும் 5! × 6 × 5 = 3600. இரண்டும் ஒன்றே என்று மனம் பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவுதான் மூவர் வரும்போது கெடுக்கிறது.

வினா “மூன்று மாணவர்களும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கக் கூடாது” என்றால்: 5040 − 720 = 4320. இருவர் சேர்ந்து, மூன்றாமவர் தள்ளி நிற்பது இங்கே அனுமதிக்கப்படும்.

வினா “எந்த இரு மாணவர்களும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது” என்றால்: இடைவெளி வழியில் 1440.

4320-க்கும் 1440-க்கும் இடையில் 2880. இருவர் மட்டும் சேர்ந்தும் மூன்றாமவர் தனித்தும் நிற்கும் வழிகள் அவை. உங்கள் விடை சரியாக இந்த அளவால் கூடியிருந்தால் செய்கையைத் தொட வேண்டாம், வினாவில் “எந்த இருவரும்” என்ற சொல்லைத் தேடுங்கள்.

இடைவெளி வழியில் நம்பிக்கை வராவிட்டால் 2 மாணவிகள், 2 மாணவர்கள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். வழி 2! × 3 × 2 = 12 என்கிறது. கையால் எழுதினால் ஆ-பெ-ஆ-பெ, பெ-ஆ-பெ-ஆ, ஆ-பெ-பெ-ஆ என்று மூன்று அமைப்புகள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் 2 × 2 ஆட்கள் மாற்றம். 12.

## அறிகுறி: பாதி வழியில் “அது முன்னே எதை வைத்தோம் என்பதைப் பொறுத்தது” என்று நின்றுவிடுகிறது

0, 1, 2, 3, 4, 5 ஆகிய இலக்கங்களை ஒரு தரத்துக்கு மேல் பயன்படுத்தாமல் நான்கு இலக்க இரட்டை எண்கள் எத்தனை? இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போனால் கடைசி இடத்துக்கு எத்தனை இரட்டை இலக்கம் மிஞ்சும் என்று சொல்ல முடியாது. தவறு நிரப்பும் ஒழுங்கில். கட்டுப்பாடு கூடிய இடத்தை முதலில் நிரப்புங்கள்.

அப்படியே கடைசி இடத்தை முதலில் நிரப்பி 3 × 5 × 4 × 3 = 180 என்று வந்தாலும் இன்னும் பிழை. முதல் இடத்தில் 0 வந்தால் அது நான்கு இலக்க எண்ணே அல்ல. கட்டுப்பாடு இரண்டு இடங்களில் இருந்து, இரண்டையும் ஒரே இலக்கம் தொட்டால், அந்த இலக்கத்தை வைத்துப் பிரியுங்கள். கடைசியில் 0 என்றால் 5 × 4 × 3 = 60. கடைசியில் 2 அல்லது 4 என்றால் 2 × 4 × 4 × 3 = 96. மொத்தம் 156. 180-க்கும் 156-க்கும் வித்தியாசம் 24. பூச்சியத்தில் தொடங்கி 2 அல்லது 4-இல் முடியும் அமைப்புகள் 2 × 4 × 3, அதே 24.

## அறிகுறி: வட்ட மேசையில் மட்டும் பிழைக்கிறது

ஈவு ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமமா? 7 பேருக்கு 7 மடங்கு என்றால், எல்லோரும் ஒரு கதிரை நகர்வதைப் புதிய வழி என்று எண்ணிவிட்டீர்கள். 6! = 720 தான். கதிரைகளுக்கு இலக்கம் இட்டிருந்தால் நகர்வதும் புதிய வழியே, அப்போது 5040.

ஈவு 2.5 போல வருகிறதா? இடைவெளிகளை எண்ணுங்கள். வரிசையில் 4 மாணவிகளுக்கு 5 இடைவெளி, வட்டத்தில் முனையே இல்லாததால் 4 தான். எந்த இரு மாணவர்களும் அடுத்தடுத்து இராமல் அமர 3! × 4 × 3 × 2 = 144. வரிசைப் பழக்கத்தில் 5 × 4 × 3 போட்டவருக்கு 360 வரும்.

புரட்டிப் பார்க்கக்கூடிய மணிமாலை என்றால் இன்னும் ஒரு 2-ஆல் வகுக்க வேண்டும். மேசையைப் புரட்ட முடியாது.

## அறிகுறி: கழித்துக் கழித்து விடை சிறுத்துவிட்டது

கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள். ஏழிலும் ஒவ்வொரு தரம் அள்ளிக் குளிக்க 5040 ஒழுங்குகள். மிகச் சூடான கிணற்றில் தொடங்கக் கூடாது, வாசலை அண்டிய கிணற்றில் முடிக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் வைப்போம். இரண்டும் வேறு கிணறுகள். பிள்ளை 5040 − 720 − 720 = 3600 என்று எழுதும். சூடான கிணற்றில் தொடங்கி வாசல் கிணற்றில் முடியும் 5! = 120 ஒழுங்குகள் இரண்டு தரம் கழிபட்டுவிட்டன. ஒரு தரம் திருப்பிக் கொடுங்கள்: 3720.

சோதனை எளிது. நீங்கள் கழித்த இரண்டு கூட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க முடியுமா? முடியும் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது இருக்கிறது. மூன்று நிபந்தனைகள் என்றால் தனித்தனியாகக் கழித்து, சோடி சோடியாகக் கூட்டி, மூன்றும் சேர்ந்ததை மறுபடி கழிக்க வேண்டும்.

## அறிகுறி: “ஒருவருக்கும் தன்னுடையது கிடைக்கக் கூடாது” என்றால் ஒரு வழியும் திறக்கவில்லை

நான்கு பேர் மழையில் வந்து நான்கு குடைகளை ஒரு மூலையில் வைக்கிறார்கள். போகும்போது ஒருவரும் தன் குடையை எடுக்கவில்லை. முதலாமவருக்கு 3 வழி என்று தொடங்கினால் இரண்டாமவரிடம் நின்றுவிடும். மேலே சொன்ன கூட்டிக் கழித்தலே மருந்து: 24 − 24 + 12 − 4 + 1 = 9. ஐந்து பேருக்கு 44. பிரான்சில் மொன்மோர் என்பவர் 1708-இல் சீட்டாட்டத்தை வைத்து இதை எழுப்பினார். நான்கு பேர்வரை கையாலேயே பட்டியலிடலாம், 9 வருகிறதா என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

## எப்போது ஆசிரியரிடம் கொண்டுபோவது

இரண்டு வெவ்வேறு வழிகளில் செய்து இரண்டு வெவ்வேறு விடைகள் வந்து, சிறிய கணக்காகக் குறைத்தும் எது பிழை என்று தெரியாவிட்டால் கொண்டுபோங்கள். மூன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் கொண்டுபோங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அமர்ந்து, எந்தத் தம்பதியும் பக்கத்தில் வராத வட்ட மேசைக் கணக்கு அப்படியானது. லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1891-இல் அதை முன்வைத்தார். இலக்கமிட்ட கதிரைகளில் மூன்று தம்பதியருக்கு 12 வழி, நான்கு தம்பதியருக்கு 96, ஐந்துக்கு 3120. இந்த எண்களில் ஒழுங்கைத் தேடி ஓர் இரவைச் செலவழிக்க வேண்டாம், அது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது.

புத்தக விடையே பிழை என்று தோன்றினாலும் தயங்காமல் கேளுங்கள். அச்சிட்ட விடை பிழைத்திருந்ததை மாணவர்கள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மாணவி 24 அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, பொருந்தாதவற்றைக் கோடிட்டு, மிஞ்சியதை எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் சரி, புத்தகம் பிழை.

வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: வெட்டாத செய்கை, கையால் எழுதிய சிறிய பட்டியல், இரண்டு விடைகளுக்கும் இடையிலான ஈவு அல்லது வித்தியாசம். மூன்றாவது இருந்தால் நான் பெரும்பாலும் செய்கையைப் பார்க்கவே தேவைப்படாது.